அப்பாவின் டிரங்குப் பெட்டி!

ஒரு சின்னப் பரீட்சை. பயப்படாதீர்கள், நாலே நாலு கேள்விதான். மேஜையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஒன்று: உங்கள் அப்பா சின்ன வயசில் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனார்? இரண்டு: அவருடைய முதல் சம்பளம் எவ்வளவு? மூன்று: அதை வாங்கி யார் கையில் கொடுத்தார்? நான்கு: பத்து வயசில் அவருடைய உயிர்ச் சிநேகிதன் யார்?

நாலுக்கு இரண்டு தேறினால் நீங்கள் தங்கமான பிள்ளை. நான் வாங்கியது முட்டை!

இத்தனைக்கும் ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயரே 'நடமாடும் ரெக்கார்ட் ரூம்'. எந்த ஃபைல் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மேனேஜருக்கு எந்த வருஷம் இன்கிரிமென்ட் நின்றது, ஏன் நின்றது என்பதுகூடத் தெரியும். (அதை மட்டும் தூக்கத்திலும் சொல்ல மாட்டேன்.) என்னைப் பெற்றவரின் ஃபைல் மட்டும் என்னிடம் இல்லை. அதைத் தேடிப் போன கதைதான் இது.

சொந்த ஊர் தேனி மாவட்டம் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. பஸ்ஸில் கொஞ்சம் கண் அசந்தால் ஊர் பின்னால் போய்விடும். மேற்கே மலை, பக்கத்தில் ஆறு, நெல், தென்னை, வாழை, பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்கள். 2023ல் புவிசார் குறியீடு வாங்கியதே, கம்பம் பன்னீர் திராட்சை, அது எங்கள் பள்ளத்தாக்குச் சரக்குதான்.

எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் ஒரு வெள்ளைக்காரர் படம் தொங்கும். கர்னல் பென்னிகுக். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்த பெரியாற்றைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய அணையால் மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்ட என்ஜினீயர். 1887ல் ஆரம்பித்த வேலை 1895ல் முடிந்தது. அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இரண்டு போகம் விளைகிறது. நன்றி மறக்காத ஜனங்கள். அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பையனுக்கு அவர் பெயரையே வைத்தவர்களும் உண்டு. லோயர் கேம்ப்பில் 2013ல் மணிமண்டபம் திறந்தார்கள்.

போன பொங்கலுக்கு ஊர்ப் பையன் ஒருவனிடம் கேட்டேன். "தம்பி, பென்னிகுக் எப்பப் பொறந்தாரு?"

பட்டென்று பதில் வந்தது. "1841 ஜனவரி 15ண்ணே!"

"சபாஷ்! ஒங்கப்பா எப்பப் பொறந்தாரு?"

தலையைச் சொறிந்தான். "ஆதார்ல பார்த்துச் சொல்றேண்ணே."

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. என் கதையும் அதேதான்!

ஹெட்மாஸ்டர் கொடுத்த பிறந்த நாள்

என் அப்பாவின் ஆதாரில் பிறந்த தேதி 1.6.1948 என்று இருக்கிறது. அது அப்பத்தா பெற்ற தேதி இல்லை, ஹெட்மாஸ்டர் 'பெற்ற' தேதி! அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் அட்மிஷன். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பையனுக்கு ஐந்து வயசு முடிந்திருக்க வேண்டுமே? ஹெட்மாஸ்டர் பேனாவை எடுப்பார், அன்றைக்குக் கணக்காக ஐந்து வருஷம் பின்னால் போவார், எழுதிவிடுவார். நம் பெரியவர்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த ரகசியம் இதுதான்.

அப்பா 31.5.2006 அன்று அரசாங்க உத்தியோகத்திலிருந்து ரிட்டயர் ஆனார். மாலை போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். "நெஜமான வயசுப்படி இன்னும் ஆறு மாசச் சம்பளம் பாக்கி இருக்குடா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். 'அப்படீன்னா நீங்க எப்பப்பா பொறந்தீங்க?' என்று. கேட்கவில்லை. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். பிறகு சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பாடு கேட்டார். ஒருநாள் என்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திருத்தினேன். "ஆமா, ஆமா" என்றார். ஐந்து நிமிஷத்தில் மறுபடி அதே பெயர். டாக்டரிடம் போனோம். "புதுசு முதல்ல போகும், பழசு கொஞ்ச நாள் நிக்கும். பேச வேண்டியதை இப்பவே பேசிருங்க" என்றார்.

பேசுவதா? அப்பாவிடமா? 'மாத்திரை போட்டீங்களா', 'பென்ஷன் வந்துச்சா', 'ஃபேனைக் குறைக்கவா', இந்த மூன்றைத் தவிர நாலாவது வாக்கியம் எனக்கும் அவருக்கும் இடையில் இருந்ததே இல்லையே!

கிலோ என்ன விலை?

அந்த மழைக்காலத்தில் ஊர் வீட்டுக் கூரை ஒழுகியது. சரி பண்ணப் போனவன் பரணில் ஒரு தகர டிரங்குப் பெட்டியைப் பார்த்தேன். கொண்டி துருப்பிடித்திருந்தது. திறந்ததும் கரப்பான் குடும்பம் ஒன்று பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போனது.

உள்ளே ஒரு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், கயிறு கட்டிய இன்லண்ட் லெட்டர் கட்டு, நாலைந்து கல்யாணப் பத்திரிகை, ரேடியோ வைத்துக்கொள்வதற்குத் தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டின லைசென்ஸ் புத்தகம், தாத்தாவின் ஸ்டூடியோ போட்டோ ஒன்று, ஒரு கறுப்புக் கம்பளி, ஒரு அடகுச் சீட்டு.

வாசலில் நின்ற பழைய பேப்பர்காரர் எட்டிப் பார்த்தார். "பேப்பர் மட்டும்னா கிலோ பன்னண்டு ரூவா. பொட்டியோட கொடுத்தா இரும்பு ரேட்டு தனி ஸார்."

ஒரு நிமிஷம் நானும் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பழைய காகிதத்தில் என்ன இருக்கிறது? புதுச்சேரியில் டூப்ளே துரையிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை டைரி எழுதினார். காலணா கணக்கிலிருந்து கோட்டை யுத்தம் வரைக்கும் எழுதினார். அவர் போன பிறகு அந்த நோட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846ல்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு இங்கிலீஷில் பன்னிரண்டு வால்யூம் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி யார் எழுதினாலும் இன்றைக்கும் அந்த டைரியைத்தான் புரட்டுகிறார்கள். நடுவில் அந்த வீட்டு வாசலுக்குப் பேப்பர்காரர் வந்திருந்தால்?

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் குப்பை என்று போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேமிப்பை வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. 1994ல் சென்னையிலேயே அவர் பெயரில் நூலகமாக ஆக்கினார்கள். இன்றைக்கு ஆராய்ச்சி மாணவர்கள் அங்கே உட்கார்ந்து யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையைக் குறிப்பெடுக்கிறார்கள். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கே அந்த மரியாதை என்றால் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு?

பேப்பர்காரரிடம் ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினேன்.

காகிதம் பேசும்!

தேதி போடாத கடிதத்துக்கும் தேதி கண்டுபிடிக்கலாம். துப்பறியும் நாவல் படித்த புத்திக்கு இது அல்வா மாதிரி வேலை.

அட்ரஸில் பின்கோடு இல்லையா? 1972 ஆகஸ்ட் 15க்குத்தான் பின்கோடு வந்தது. அநேகமாகக் கடிதம் அதற்கு முந்தியது. (நம் ஆட்கள் அப்புறமும் பின்கோடு எழுத மறந்தார்கள் என்பதால் 'அநேகமாக'!) அச்சடித்த ரசீதில் 'சென்னை ராஜ்யம்' என்று இருக்கிறதா? 1969 ஜனவரி 14ல் தமிழ்நாடு என்று பெயர் மாறியது, அதற்கு முந்தியது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. அணாக் கணக்கில் இருந்தால் இன்னும் பழசு. 'மதுரை ஜில்லா, அனுமந்தன்பட்டி' என்று இருந்தால் 1996க்கு முன்னால். அந்த வருஷம்தான் தேனி தனி மாவட்டம் ஆனது. கல்யாணப் பத்திரிகையில் 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு வளைந்து நிற்கிறதா? 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தின அச்சு என்று யூகிக்கலாம்.

இப்படி இரண்டு ராத்திரி உட்கார்ந்து கட்டுக் கட்டாகப் பிரித்தேன். ஷெர்லாக் ஹோம்ஸுக்குக் குழாய் இருந்தது. எனக்குக் கொசுவர்த்தி.

கெட்டிக்காரத்தனம் ஜாஸ்தியானால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் போட்டோ ஓரத்தில் மடங்கியிருந்தது. 'பத்திரமாக' இருக்கட்டும் என்று ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டேன். மெஷின் சூட்டில் படம் குமிழ் விட்டது. முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. தாத்தாவுக்கு இருந்தது அந்த ஒரே போட்டோ. வேறு பிரதி கிடையாது, ஃபோனில்கூட எடுத்து வைக்கவில்லை. ஐம்பது வருஷம் கரப்பானும் ஈரமும் செய்யாததை நான் ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்தேன். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. போடச் சொன்னது நான்தான்.

கம்பளி சொன்ன கதை

பெட்டியை மதுரைக்கு, அப்பாவிடம் கொண்டுபோனேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஃபோனில் ரெக்கார்டிங்கைத் தட்டினேன். பெரிய பத்திரிகை நிருபர் மாதிரி கேட்டேன்.

"அப்பா, உங்க இளமைப் பருவத்தைப் பத்திச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். "கரண்ட் பில் கட்டியாச்சா?" என்றார்.

பேட்டி முடிந்தது!

சலித்துப்போய்ப் பெட்டியை மூடப் போனேன். கம்பளி நழுவி அவர் மடியில் விழுந்தது. அப்பா அதை எடுத்தார், விரித்தார். ஒரு முனையை உள்ளே மடித்துக் கூம்பு மாதிரி செய்து தலையில் போட்டுக்கொண்டார். மழைக்குச் சாக்கை மடித்துப் போடுவார்களே, கொங்காணி, அதே மாதிரி. கை தானாக வேலை செய்தது.

"மெட்டுல மழை பிடிச்சா விடாதுடா" என்றார். "அட்டை காலுல ஏறும். எங்கய்யா பொகையிலைய நனைச்சுத் தேச்சு விடுவாரு."

கூட்டி வைத்துப் பார்த்தேன். எட்டாவது முடித்து ஒரு வருஷம் அப்பா பள்ளிக்கூடமே போகவில்லை. தாத்தாவோடு கம்பம்மெட்டு ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறார், 1961ல். இந்த விஷயம் எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். கம்பளியை மோந்து பார்த்தேன். ஏலக்காய் மணக்கும் என்று எழுத ஆசைதான். பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது!

அன்றைக்கு ஒன்று புரிந்தது. 'வாழ்க்கை வரலாறு சொல்லுங்க' என்றால் பெரியவர்களுக்கு வாய் அடைத்துவிடும். "என்னத்தச் சொல்ல?" என்பார்கள். கையில் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. 1940ல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942ல் அவர் காலமானபோது கதை பாதியில் நின்றது. ஆனால் பிறந்த ஊர், தாத்தா பாட்டி, படித்த திண்ணை என்று இளமைக் காலம் பூராவும் காப்பாற்றப்பட்டுவிட்டது. எங்கள் மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. வைகை அணைத் தண்ணீரில் மூழ்கிய ஊர்களில் ஒன்று வைரமுத்து பிறந்த மெட்டூர். மண் போன பிறகு மிஞ்சியது ஞாபகம்தான். அதிலிருந்து வந்த 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. அவர்களுக்கு எழுதத் தெரிந்தது, எழுதினார்கள். நம் அப்பாக்களுக்கு யார் எழுதுவது?

பதினைந்து ரூபாய்

பெட்டியில் பாக்கி இருந்தது அந்த அடகுச் சீட்டு. தேதி 28-12-1964. கம்மல் ஜோடி ஒன்று. ரூபாய் பதினைந்து. கொடுத்தவர் என்று தாத்தாவின் பெயர். தாத்தா எப்போது கம்மல் போட்டார்?

அப்பாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

அப்போதுதான் அத்தையின் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு மூத்தவர், எண்பதைத் தொட்டவர். அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கிறார். அப்பாவின் கதையைத் தேடி மூன்று மாசமாகப் பரணைக் குடைந்த நான், பின்தெருவில் உயிரோடு இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அத்தை திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா மருமகனே! எளைச்சுப் போயிட்டியே!" (என் எடை தொண்ணூறு கிலோ.) "தம்பி, வாடா. அக்காவத் தெரியுதா?"

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மொச்சையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"அத்தை, அப்பா எப்பப் பொறந்தாரு?"

"காந்தி செத்த வருசம், கார்த்திகை மாசம். அடை மழை. நாந்தான் மருத்துவச்சியக் கூப்பிட ஓடுனேன்."

காந்தி இறந்தது 1948 ஜனவரி. அந்த வருஷக் கார்த்திகை என்றால் ஹெட்மாஸ்டர் கணக்குக்கு ஆறு மாசம் பின்னால். அப்பா சொன்ன ஆறு மாசச் சம்பளம் சரியாக உதைத்தது! ஆனால் 1948ல் அத்தைக்கு மூன்று வயசு இருக்குமே? மூன்று வயசுப் பிள்ளையா மழையில் ஓடி மருத்துவச்சியைக் கூப்பிட்டது? கேட்டேன். "அட, பெரியம்மா இடுப்புல ஒக்காந்துக்கிட்டு ஓடுனேன்!" என்றார் அத்தை. ஞாபகம் என்றால் கொஞ்சம் மசாலா இருக்கத்தான் செய்யும். மாசத்தை எடுத்துக்கொண்டு மசாலாவை ரசிக்க வேண்டியதுதான்.

சீட்டை எடுத்து வாசித்துக் காட்டினேன். அத்தையின் கை நின்றது.

"இது இன்னும் இருக்கா?" என்றார்.

"தனுஷ்கோடியக் கடல் கொண்டுட்டுப் போச்சே, அந்த மார்கழி. டீக்கடை ரேடியோவுல அதே பேச்சு. ஒங்கப்பனுக்குப் பெரிய பரீச்சைக்குப் பணம் கட்டணும். நாளைக்குள்ள கட்டலைன்னா ஒக்கார விட மாட்டோம்னுட்டாக. ஒங்க தாத்தா மலைக்காய்ச்சல்ல படுத்துட்டாரு. தோட்டத்துக் கூலி வரல. அப்பத்தா கழுத்துல மஞ்சக் கயிறுதான். வீட்ல இருந்த பொன்னு எங்காதுல கெடந்தது மட்டுந்தான்."

தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22, 23. சீட்டின் தேதி 28. எழுதப் படிக்கத் தெரியாதவரின் ஞாபகம் காகிதத்தோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

"யார் கேட்டா, அத்தை?"

"யாரும் கேக்கல. எல்லாரும் எங்காதையே பார்த்துக்கிட்டு இருந்தா? நானே கழட்டிக் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வெளக்கமாத்துக் குச்சி. கல்யாணம் வரைக்கும் காது தூந்துறாம அதான். கம்மல் மூழ்கிப் போச்சு. பணம் கட்டி ஒரு மாசத்துல இந்திச் சண்டை வந்து பள்ளிக்கூடத்தையும் மூடிட்டாக. கம்மலும் போச்சு, பரீச்சையும் போச்சுன்னு ஒங்க அப்பத்தா ஒப்பாரியே வச்சுருச்சு!"

அது 1965 ஜனவரி கடைசியில் மதுரையில் ஆரம்பித்துப் பரவிய இந்தி எதிர்ப்புப் போராட்டம். பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, பரீட்சை நடந்தது, அப்பா பாஸ். அந்தப் பாஸில்தான் அரசாங்க உத்தியோகம். அந்த உத்தியோகத்தில்தான் என் காலேஜ். அந்தக் காலேஜில்தான் இன்றைக்கு நான் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து 'நடமாடும் ரெக்கார்ட் ரூம்' என்று பெயர் வாங்குகிறேன். எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் ரூபாய் பதினைந்து. அதில் அத்தையின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. காது அவருடையது, சீட்டு தாத்தா பெயரில்!

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல அத்தை?"

"நீ கேக்கலயேய்யா."

அப்பா மொச்சை உரிப்பதை நிறுத்தியிருந்தார். தலை குனிந்தபடி சொன்னார்.

"திருப்பித் தரலக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகம் இல்லை. அறுபது வருஷக் கடன் ஞாபகம் இருக்கிறது.

அத்தை முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். "போடா கிறுக்கா! நீ பாஸானியே, அதான் எனக்குக் கம்மலு."

நீங்கள் செய்ய வேண்டியது

ஊருக்கு உபதேசம் பண்ணுகிற வயசு இல்லை எனக்கு. அடிபட்டவன் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பழைய போட்டோவுக்கு, சர்டிபிகேட்டுக்கு லேமினேஷன் வேண்டாம். செல்லோடேப் வேண்டாம், பழுப்பாகிக் கறை விடும். பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிற பசை ஆல்பம் வேண்டாம், படம் ஒட்டிக்கொண்டு உரிந்து வராது. கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு வைத்தே போட்டோ எடுத்துவிடுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் முதலில் ஒரு பிரதி. ஜன்னல் பக்கம், வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் ஃபோனில் எடுத்தால் போதும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். எடுத்ததை ஒரே ஃபோனில் வைத்துக்கொள்ளாதீர்கள். தம்பிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று அனுப்பிவிடுங்கள்.

போட்டோவின் பின்னால் இருக்கிறவர்கள் பெயரை எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். பென்சிலால் மெதுவாக, ஓரத்தில். 'தாத்தா' என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்குத் தாத்தா என்று உங்கள் பேரன் முழிப்பான்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். கூரைச் சூடும் மழை ஈரமும் காகிதத்துக்கு எமன். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, காற்றாடுகிற அலமாரியில் வையுங்கள்.

ரெக்கார்டிங் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும். 'தீபாவளிக்கு என்ன பலகாரம்?', 'பள்ளிக்கூடத்துக்குச் சோறு எதில் கட்டிக்கிட்டுப் போனீங்க?', 'எதுக்குப் பயந்தீங்க?' இப்படி. வருஷம் கேட்காதீர்கள். 'புயல் அடிச்சதுக்கு முன்னாலயா, பின்னாலயா?' என்று கேளுங்கள். வருஷத்தை நீங்கள் கண்டுபிடித்துக்கொள்ளலாம். சொல்ல விருப்பம் இல்லாததை நோண்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அதை நான் கடைசியில் செய்தேன், நீங்கள் முதலில் செய்யுங்கள். காகிதம் இல்லாதவர்களிடம் போய்க் கேளுங்கள். அத்தைக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடையாது, இரண்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். சின்ன வயசுப் போட்டோ கிடையாது, கடிதம் கிடையாது. நம் வீட்டுப் பெட்டிகளில் இருப்பது ஆண்களின் காகிதம். அதற்குப் பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பென்சில் இருக்கா?

போன மாசம் சம்பளம் வந்ததும் நேராக நகைக்கடைக்குப் போய் ஒரு ஜோடிக் கம்மல் வாங்கினேன். அப்பாவோடு ஊருக்குப் போய், அவர் கையாலேயே கொடுக்க வைத்தேன். அத்தை திறந்து பார்த்தார், மூடினார்.

"இந்தத் தொங்கட்டான் காதுலயா? எருமைக்குச் சலங்கை கட்டுன மாதிரி இருக்கும். எம்பேத்தி கல்யாணத்துக்குக் கொடு."

எவ்வளவோ கெஞ்சினேன். மசியவில்லை.

"சரி, உங்களுக்குன்னு என்னதான் வேணும், சொல்லுங்கத்தை."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்தச் சீட்டு வச்சிருக்கியா? அதுல எம்பேரை எழுது."

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் பென்சில் வாங்கினேன். பின்பக்கம் திருப்பி, அத்தையின் முழுப் பெயரை எழுதினேன். கீழே, 'தம்பி பரீட்சைக்காகத் தன் காதிலிருந்து கழற்றிக் கொடுத்தது' என்று எழுதி, வாசித்துக் காட்டினேன்.

அத்தை சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தம்பியிடம் நீட்டினார்.

"இதுல எதுடா எம்பேரு?"

அப்பா விரலை வைத்துக் காட்டினார். சரியாகக் காட்டினார்.